ஆர்செட்டி பயிற்சியில் சேருவது எப்படி? கடைசிப் படியிலிருந்து தொடங்கும் வழிகாட்டி

எங்கள் ஊராட்சி அளவிலான மகளிர் கூட்டமைப்பில், ஆர்செட்டி (சொந்தத் தொழிலுக்கு இலவசமாகப் பயிற்சி தரும் நிறுவனம்) போன்ற அரசுப் பயிற்சிகளுக்கு ஆள் அனுப்பும் வேலை சில வருடங்களாக என் தலையில்தான். படிவம் நிரப்புவது, ஜெராக்ஸ் எடுக்க ஓடுவது, பேருந்து ஏற்றி விடுவது எல்லாம் நானே. முதல் இரண்டு வருடம் நான் அனுப்பியவர்களில் பலர் சான்றிதழோடு திரும்பி வந்து, அதைப் பீரோவில் வைத்துவிட்டுப் பழையபடி களை எடுக்கப் போனார்கள். பயிற்சியில் குறை இல்லை. நாங்கள் வேலைகளைச் செய்த வரிசைதான் தப்பு.

இதைத் தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் இருக்கும், 18 வயது தாண்டிய, வருமானம் குறைந்த வீட்டு ஆண்களுக்கும் பெண்களுக்குமாக எழுதுகிறேன். கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு படியும் அதற்கு அடுத்த படிக்குத் தேவையானதைத் தருகிறது.

1. பயிற்சி முடிந்த மறுநாள் என்ன செய்வீர்கள்?

எல்லோரும் "என்னென்ன கோர்ஸ் இருக்கு?" என்றுதான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு: சான்றிதழ் வாங்கிய மறுநாள் காலை எங்கே இருப்பீர்கள்? சொந்த ஊரில், சொந்தத் தொழிலிலா? அல்லது ஒரு நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்கா? இந்த பதில் இல்லாமல் படிவத்தைத் தொடாதீர்கள். ஏனென்றால் இரண்டுக்கும் திட்டம் வேறு, வாசல் வேறு.

சொந்தத் தொழில் என்றால் ஆர்செட்டி. ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம் என்று பலகையில் இருக்கும். மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் திட்டம், நடத்துவது வங்கி. ஆடு வளர்ப்பு, கறவை மாடு, காளான் போன்றவை சுமார் 10 நாள். தையல், அழகுக்கலை, செல்போன் பழுது, இருசக்கர வாகனப் பழுது, வீட்டு வயரிங் ஏறக்குறைய ஒரு மாதம். பயிற்சி, சாப்பாடு, தங்குமிடம் எதற்கும் காசு இல்லை.

மாதச் சம்பளம் என்றால் தீன் தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனா. ஊரில் 'டிடியூ' என்று சுருக்கிச் சொல்கிறோம். இது மாதக்கணக்கில் போகும், பயிற்சி நிறுவனமே வேலையிலும் சேர்த்துவிட வேண்டும். வயது வரம்பு 35. பெண்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கு 45.

ஒன்றிரண்டு வருடம் படிக்க முடியும் என்றால் அரசு ஐடிஐயை மறந்துவிடாதீர்கள். ஆண்களுக்கு 40 வயது வரை இடம் உண்டு, பெண்களுக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பேருந்து அட்டை, சீருடை எல்லாம் தருகிறார்கள். முப்பத்தைந்து வயதில் ஐடிஐக்குப் போவதா என்று கூச்சப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கூச்சத்தைத் தவிர அவர்களைத் தடுக்க எதுவும் இல்லை. சேர்க்கை கோடையில் நடக்கும், பத்தாம் வகுப்பு முடிவு வரும் நேரத்தில் விசாரித்தால் சரியாக இருக்கும்.

அடிக்கடி நடக்கும் தவறு: பக்கத்து வீட்டு அக்கா தையல் போனார், அதனால் நானும் தையல். ஒரே தெருவில் ஆறு தையல் மெஷின் இருந்தால் ஏழாவது மெஷினுக்கு ஜாக்கெட் எங்கிருந்து வரும்? பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் அந்தத் தொழிலை எத்தனை பேர் செய்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு மாலை நேர வேலைதான்.

இனி வருவது பெரும்பாலும் ஆர்செட்டி வழியைப் பற்றி. நான் அதிகம் ஆள் அனுப்பியது அங்கேதான்.

2. உங்கள் மாவட்டத்து மையத்தைக் கண்டுபிடியுங்கள்

மாவட்டத்துக்கு ஒரு மையம் என்பது திட்டத்தின் கணக்கு. எந்த வங்கி உங்கள் மாவட்டத்தின் முன்னோடி வங்கியோ (மாவட்டத்தின் மற்ற வங்கிகளை ஒருங்கிணைப்பது), பெரும்பாலும் அதுவே நடத்தும். தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. சேலம், திருவண்ணாமலை, கடலூரில் இந்தியன் வங்கி. மதுரை, கோவையில் கனரா வங்கி. அந்த வங்கியின் எந்தக் கிளையில் கேட்டாலும் மையம் இருக்கும் இடத்தைச் சொல்வார்கள்.

ஆனால் நேராக மையத்துக்குப் போவதைவிட, ஊராட்சி ஒன்றிய அலுவலக வளாகத்தில் இருக்கும், சுய உதவிக் குழுக்களைக் கவனிக்கும் மகளிர் திட்டத்தின் வட்டார அலுவலகத்துக்கு முதலில் போங்கள். அங்கே வட்டார இயக்க மேலாளரும் ஒருங்கிணைப்பாளர்களும் இருப்பார்கள். எந்தப் பயிற்சிக்கு அடுத்த பேட்ச் எப்போது, எத்தனை பேர் தேவை என்பது அவர்கள் கையில் இருக்கும். நீங்கள் சுய உதவிக் குழு உறுப்பினர் என்றால் கூட்டமைப்பின் தீர்மானம் வழியாகப் பெயர் போகும். அப்படிப் போன பெயரைத் தள்ளுவது கடினம்.

ஒரு பேட்சுக்கு 25 முதல் 35 பேர் வேண்டும். ஒரே பயிற்சிக்கு உங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் அந்த அளவு ஆள் சேர்ந்தால், ஊருக்கு அருகிலேயே இடம் பார்த்து நடத்தச் சொல்லிக் கேட்கலாம். கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

சிலர் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அந்த மனு சுற்றிச் சுற்றி கடைசியில் இதே மகளிர் திட்ட அலுவலகத்துக்குத்தான் வரும். அதற்குள் ஒரு பேட்ச் போய்விடும்.

3. காகிதங்கள்: குறைந்தது ஒரு மாதம் முன்பே

பட்டியல் சின்னதுதான்: ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக், பள்ளி மாற்றுச் சான்றிதழ் அல்லது மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், போட்டோ நாலைந்து. குழுவில் இருந்தால் அதற்கான சான்று, நூறு நாள் வேலை அட்டை இருந்தால் அதுவும். இவற்றைக் கையில் வைத்திருப்பது எளிது. ஒன்றோடொன்று ஒத்துப்போக வைப்பதுதான் பாடு.

*பெயரும் இனிஷியலும்.* டிசியில் அப்பா இனிஷியல், ஆதாரில் அப்பாவின் முழுப்பெயர், பாஸ்புக்கில் கணவர் இனிஷியல். நம் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இப்படித்தான். பயிற்சியில் சேரும்போது இதை யாரும் பெரிதாகப் பார்க்க மாட்டார்கள். பிறகு கடன் கேட்கும்போது சான்றிதழில் ஒரு பெயர், பாஸ்புக்கில் ஒரு பெயர் என்று வங்கியில் நிறுத்துவார்கள். ஆதாரில் இருப்பதுதான் மற்ற எல்லாவற்றிலும் ஏறும். ஆகவே முதலில் ஆதார், பிறகு பாஸ்புக், இந்த வரிசையில் சரிசெய்யுங்கள். தலைகீழாகச் செய்தால் இரண்டு முறை அலைய வேண்டும்.

*செல்போன் எண்.* ஆதாரில் இணைத்த எண் இப்போது உங்கள் கையில் இருக்கிறதா? பதிவுக்கும் அதற்குப் பிந்தைய வேலைகளுக்கும் ஓடிபி வரும். பழைய சிம் தொலைந்திருந்தால் ஆதார் மையத்துக்கு நேரில் போய் மாற்றிக்கொள்ளலாம். எண் மாற்ற எந்த ஆவணமும் தேவையில்லை, விரல் வைத்தால் போதும். தம்பி எண், மருமகன் எண் கொடுக்காதீர்கள். ஓடிபி வரும் நேரத்தில் அந்த மருமகன் திருப்பூரில் ஷிப்டில் இருப்பார்.

*கைரேகை.* வருகைப் பதிவு பெரும்பாலும் ஆதார் கைரேகை மூலம்தான். சிமெண்ட் வேலை, நாற்று நடவு, பாத்திரம் தேய்ப்பு என்று வருடக்கணக்கில் செய்தவர்களின் ரேகை தேய்ந்து போயிருக்கும். ரேஷன் கடை மெஷினில் உங்கள் விரல் ஏறவில்லையா? அதுவே எச்சரிக்கை. ஆதார் மையத்தில் ரேகையும் கருவிழியும் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

*ரேஷன் கார்டு.* அட்டையில் பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்) அல்லது ஏ.ஏ.ஒய். (மிக வறிய குடும்பம்) என்று இருந்தால் வறுமைக்கான சான்றாக எளிதில் எடுத்துக்கொள்வார்கள். வேறு குறியீடு இருந்தால் சோர்ந்துவிட வேண்டாம். ஆர்செட்டியில் பெரும்பகுதி இடம் ஏழை வீட்டாருக்கு, எல்லா இடமும் அல்ல. கல்யாணமாகி வந்த பெண்களின் பெயர் இன்னும் பிறந்த வீட்டு அட்டையிலேயே இருப்பது இன்னொரு சிக்கல். வேறு மாவட்ட முகவரி என்றால் மையத்தில் கேள்வி வரும். அங்கே நீக்கி இங்கே சேர்க்க நாள் பிடிக்கும் என்பதால் இதைத்தான் முதலில் தொடங்க வேண்டும்.

சாதி, வருமானச் சான்றுகளுக்கு இ-சேவை மையத்தில் ஒரு விண்ணப்பத்துக்கு 60 ரூபாய். முன்பு வாங்கியிருந்தால் உங்களுக்கென்று ஒரு கேன் எண் இருக்கும், அதைச் சொன்னால் மறுபடி விவரம் ஏற்ற வேண்டியதில்லை. வருமானச் சான்றைப் பயிற்சிக்குக் கேட்கிறார்களா என்று உறுதிசெய்துவிட்டு வாங்குங்கள்.

பான் அட்டை பயிற்சிக்குத் தேவைப்படாது, கடனுக்குத் தேவைப்படும். வருமான வரித் துறையின் இணையதளத்தில் ஆதார் ஓடிபி கொடுத்தால் மின்-பான் இலவசமாகவே கிடைக்கிறது. அதற்கும் மேலே சொன்ன செல்போன் எண் வேண்டும், பார்த்தீர்களா!

4. வீட்டை ஏற்பாடு செய்யுங்கள்

பாதியில் நின்றவர்களை நான் கணக்கெடுத்துப் பார்த்தேன். பாடம் புரியாமல் நின்றவர் ஒருவரும் இல்லை. மாமியாருக்கு உடம்பு சரியில்லை, ஆட்டுக்குத் தழை வெட்ட ஆள் இல்லை, பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வர ஆள் இல்லை. இப்படித்தான்.

முக்கியமாக ஒன்று: ஆர்செட்டியில் இழந்த கூலிக்கு ஈடாகப் பணம் தருவதில்லை. "தினமும் காசு தருவாங்களாம்" என்று யாரோ சொன்னதை நம்பி வந்து, மூன்றாம் நாள் கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. ஒரு மாதக் கூலி இல்லாமல் வீடு ஓடுமா என்று முன்பே கணக்குப் போடுங்கள். நடவு, அறுவடை மாதங்களைத் தவிர்த்து பேட்ச் கேளுங்கள். தினமும் போய்வருவதாக இருந்தால், பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை என்றாலும், அந்தப் பேருந்து காலை வகுப்புக்கு நேரத்தில் கொண்டுவிடுமா என்று ஒரு நாள் சோதனையாகப் போய்ப் பாருங்கள்.

குழுவின் மாதத் தவணை அந்த மாதத்தில் விழுகிறதா? அதையும் முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். காரணம் அடுத்த படியில்.

இன்னொரு பயம்: பயிற்சியில் சேர்ந்தால் மகளிர் உரிமைத் தொகை நின்றுவிடுமோ? நிற்காது. அதன் விதிகளில் பயிற்சியைப் பற்றி ஒன்றும் இல்லை.

5. வங்கிக்குப் பயிற்சிக்கு முன்பே போங்கள்

பெரும்பாலோர் சான்றிதழ் வாங்கிய பிறகுதான் கடனைப் பற்றி நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் அனுப்பினேன். அப்படி ஒருமுறை, அழகுக்கலைப் பயிற்சி முடித்த ஒரு தங்கைக்குக் கடன் மறுத்தார்கள். காரணம், எப்போதோ அவர் கணவரின் உறவினருக்காக வாங்கி அடைக்காமல் விட்ட ஒரு தனியார் நுண்கடன். அவருக்கே அது மறந்துபோயிருந்தது. ஒரு மாதம் வீணாகிவிட்டதே என்று அவர் அழுதபோது, இதை முன்பே பார்த்திருக்கலாமே என்று எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

எனவே பேட்ச் தொடங்கும் முன் இரண்டு காரியம். முதலாவது, உங்கள் கடன் வரலாற்று அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சிபில் போன்ற நிறுவனங்கள் வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டும். பழைய பாக்கி இருந்தால் இப்போதே பேசி முடித்து, முடித்ததற்கான கடிதம் வாங்கி வையுங்கள்.

இரண்டாவது, உங்கள் ஊருக்குரிய வங்கிக் கிளையில் மேலாளரை ஒருமுறை சந்தியுங்கள். கடன் கேட்க அல்ல. "இந்தப் பயிற்சிக்குப் போகிறேன், முடித்து வந்தால் இந்தத் தொழிலுக்கு எவ்வளவு வரை பார்ப்பீர்கள், என்ன காகிதம் வேண்டும்" என்று கேட்க. மகளிர் உரிமைத் தொகை ஏறும் 15ஆம் தேதியை ஒட்டிப் போகாதீர்கள், கூட்டத்தில் யாரும் உங்கள் முகம் பார்த்துப் பேச மாட்டார்கள். மதியத்துக்கு மேல் போவது நல்லது.

6. பதிவும் நேர்காணலும்

ஆர்செட்டி, டிடியூ இரண்டுக்கும் கௌஷல் பஞ்சி என்ற இணையதளத்தில் பெயர் பதிவாகிறது. வட்டார அலுவலகத்திலோ மையத்திலோ அவர்களே ஏற்றிவிடுவார்கள். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. "சீட் கன்பார்ம் பண்ண ஐநூறு" என்று யார் கேட்டாலும் அது அரசு கேட்பது அல்ல. இடம் இல்லாமல் போனாலும் பரவாயில்லை, கொடுக்காதீர்கள்.

நேர்காணல் என்றதும் பயப்பட ஒன்றும் இல்லை. உங்கள் படிப்பைச் சோதிக்க மாட்டார்கள். உண்மையில் தொழில் தொடங்கும் எண்ணம் இருக்கிறதா, சும்மா சான்றிதழுக்கு வந்தவரா என்று பார்ப்பார்கள். மையத்துக்கு எத்தனை பேர் தொழில் தொடங்கினார்கள் என்ற கணக்கு முக்கியம். முதல் படியில் மூன்று கிலோமீட்டர் சுற்றி எண்ணினீர்களே, அதைச் சொல்லுங்கள். "எங்க ஊர்ல செல்போன் ரிப்பேருக்கு டவுனுக்குத்தான் போறாங்க, பஸ் ஸ்டாப் பக்கத்துல எங்க சித்தப்பா கடை காலியா கிடக்கு" என்று சொன்ன ஒரு பையனிடம் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

வயது: அறிவிப்புகளில் பெரும்பாலும் 18 முதல் 45 என்று இருக்கும். சற்றுக் கூடியிருந்தால் நீங்களே முடிவு செய்துவிடாமல் மையத்தில் கேளுங்கள்.

டிடியூ பக்கம் போகிறவர்கள் பதிவின்போதே கேட்க வேண்டியவை வேறு. வேலை எந்த ஊரில்? ஓசூரா, ஸ்ரீபெரும்புதூரா? விடுதியும் சாப்பாடும் சம்பளத்தில் பிடிப்பார்களா, பிடித்தபின் கையில் எவ்வளவு? இரவு ஷிப்ட் உண்டா? வேலையில் சேர்ந்தபின் ஊக்கத்தொகை எத்தனை மாதம்? இவற்றை வீட்டாரையும் கூட வைத்துக்கொண்டே கேளுங்கள். பெண்ணுக்குச் சம்மதம், அப்பாவுக்குத் தெரியாது என்று போன இடங்களில் முதல் சம்பளத்துக்கு முன்பே திரும்பி வந்துவிட்டார்கள்.

7. பயிற்சி நடக்கும்போது

வருகை குறைந்தால் சான்றிதழ் கிடைக்காது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

தொழில் வகுப்பில் எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். கணக்கு, சந்தை, திட்ட அறிக்கை என்று நடக்கும் வகுப்புகளில்தான் தூக்கம் வருகிறது. ஆனால் வங்கிக்கு வேண்டியது அந்தத் திட்ட அறிக்கைதான். மாதிரியைப் பார்த்து எழுதாமல் உங்கள் ஊர் விலையைப் போட்டு எழுதுங்கள்: மெஷின் விலை, மின்கட்டணம், ஒரு ஜாக்கெட்டுக்கு உங்கள் தெருவில் என்ன கொடுப்பார்கள். ஆசிரியரிடம் காட்டித் திருத்தி வாங்குங்கள். வெளியே இதற்குத் தனியாகக் காசு வாங்குகிறார்கள்.

ஞாயிறு வீட்டுக்கு வரும்போது இயந்திரம் விற்கும் கடைகளில் விலைப்பட்டியல் கேட்டு வையுங்கள். கடையின் ஜிஎஸ்டி எண்ணும் முத்திரையும் அதில் இருக்க வேண்டும். பல கிளைகள் கடன் பணத்தை நேராகக் கடைக்குத்தான் அனுப்பும்.

8. சான்றிதழ் வந்த முதல் இரண்டு வாரம்

இந்த இரண்டு வாரத்தைத் தவறவிட்டால் பழைய வேலை இழுத்துக்கொள்ளும்.

முதலில் உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு. ஆதாரும் பானும் இருந்தால் அரசு இணையதளத்தில் இலவசம். இதற்கும் ஆயிரம் ரூபாய் வாங்கும் ஆட்கள் உண்டு. பிறகு மையத்தின் இயக்குநர் வழியாகவே கடன் விண்ணப்பத்தை உங்கள் கிளைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவரே ஒரு வங்கி அதிகாரி என்பதால் அந்தக் கடிதத்துக்கு மதிப்பு வேறு. நீங்கள் ஐந்தாம் படியில் முன்பே பார்த்துப் பேசிய மேலாளரிடம்தான் அது போய்ச் சேரும்.

சின்னத் தொகையில் தொடங்குவதே என் கட்சி. சிறு தொழில்களுக்கான முத்ரா கடனில் சிசு பிரிவு 50,000 ரூபாய் வரை. ஒரு மெஷின், ஒரு மேசை, கொஞ்சம் சரக்குக்கு அது போதும். பிணை கேட்கக் கூடாது என்பது விதி, கேட்டால் மையத்தில் சொல்லுங்கள். பெரிய அளவில் செய்ய நினைப்பவர்கள், எட்டாம் வகுப்புத் தேர்ச்சி இருந்தால், மாவட்டத் தொழில் மையத்தில் வேலையற்ற இளைஞர்களுக்கான திட்டத்தைக் கேளுங்கள். அதில் 25 சதவீத மானியம் உண்டு.

மானியம் வேண்டும் என்றால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஒப்புதல் வரும் முன் எதையும் வாங்காதீர்கள். அவசரப்பட்டு நகையை வைத்து மெஷின் வாங்கிவிட்டு, பிறகு மானியத்துக்கு விண்ணப்பித்தவர்களின் மனு திரும்பிவிட்டது.

கடன் இழுத்தடிக்கிறதா? சும்மா இருக்காதீர்கள். தெரிந்த கடையில் ஒரு மாதம் உதவியாளராக இருங்கள், கை மறக்காது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டதும் சில காரணங்கள் காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

9. அதன் பிறகு வரும் அழைப்புகள்

ஆர்செட்டி உங்களை இரண்டு வருடம் தொடர்ந்து கவனிக்க வேண்டும். அவ்வப்போது போன் செய்வார்கள், சில சமயம் கடைக்கே வருவார்கள். தொழில் சரியாகப் போகவில்லை என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். "நல்லா போகுது சார்" என்று சொல்லி வைத்துவிட்டால் அவர்கள் கணக்கில் நீங்கள் முடிந்துவிட்டீர்கள். கடன் வரவில்லை, விற்க வழி தெரியவில்லை என்று சொன்னால் கிளைக்கு மறுபடி பேசுவார்கள், கண்காட்சியில் கடை போட இடம் கேட்டுப் பார்ப்பார்கள்.

செல்போன் எண்ணை மாற்றினால் மையத்துக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள். எங்கள் ஊரில் நாலு பேருக்கு இரண்டாம் கட்டக் கடனுக்கான அழைப்பு பழைய எண்ணுக்கே போய்க்கொண்டிருந்தது.